அடுப்பில் விட்டுவந்த சோறு: யுத்தகால மூதூரும் நமது எழுத்தும்

மூதூரின் 2006 இடப்பெயர்வு பற்றி நம்மவர்கள் எழுதியவற்றில் மனிதர்கள் எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். பிள்ளையை இடுப்பில் சுமந்து நடக்கிறார்கள். வயோதிபத் தாயைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். செல் விழுந்தால் குப்புறப் படுத்து, எழுந்து மீண்டும் நடக்கிறார்கள். நடக்காதவர்கள் மையித்தாகக் கிடக்கிறார்கள். இவை யாவும் உண்மை. எழுதப்பட்டிருக்க வேண்டியவையே. ஆயினும் சிறு சஞ்சிகைகளிலும் கவியரங்குகளிலும் பள்ளிக்கூட மலர்களிலும் வந்த இவ்வகை ஆக்கங்களை ஒருசேர வாசிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. இந்த மனிதர்கள் நடக்கத் தொடங்குவதற்கு முந்திய வாரம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஊர் திரும்பிய மறுநாள் என்ன செய்தார்கள்?

இக்கேள்விக்கு நமது இலக்கியத்தில் விடை தேடினால் மிகச் சொற்பமே கிடைக்கிறது. யுத்தகாலக் கிராமத்தின் சாதாரண நாளை நாம் எழுதவில்லை. அதனை எழுதாமையால் இரண்டு குறைகள் நேர்ந்துள்ளன. ஒன்று, நமது இழப்பின் அளவை நம்மால் சொல்ல முடியவில்லை. மற்றையது, நமது எழுத்திலிருந்து அயலவன் காணாமற் போய்விட்டான். இவ்விரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

முதலில் சம்பவங்களை நினைவுபடுத்திக்கொள்வோம். 2006 ஏப்ரல் 25ஆந் திகதி கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அதனைத் தொடர்ந்து சம்பூர்ப் பிரதேசத்தின் மீது குண்டு வீசப்பட்டது. ஜூலை மூன்றாம் வாரத்தில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டது. ஏறக்குறைய 15,000 குடும்பங்களின் வயலுக்குப் போகும் நீர் நின்றது. ஆகஸ்ட் 2ஆந் திகதி அதிகாலை புலிகள் மூதூருக்குள் நுழைந்தனர். இரு தரப்புச் செல்களுக்கும் நடுவே சனங்கள் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் அறபுக் கல்லூரியிலும் தஞ்சம் புகுந்தார்கள். அங்கும் செல் விழுந்தது. ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. அன்று ஊரே எழுந்து கந்தளாயை நோக்கி நடந்தது. வழியில் புலிகள் மறித்து இளைஞர்களைப் பிரித்தெடுத்ததையும் நாம் மறக்கவில்லை. இடம்பெயர்ந்தோர் 40,000க்கும் மேற்பட்டோர் எனப் பதிவாகியது. செப்டெம்பர் முற்பகுதியில் மக்கள் திரும்பி வந்தபோது நோன்பு பிறக்க மூன்று வாரமளவே இருந்தது.

இச்சம்பவங்களின் தொடக்கத்தில் நிற்பது தண்ணீர் என்பதைக் கவனிக்க வேண்டும். வரலாற்றாசிரியர்கள் மாவிலாற்றை நான்காம் கட்ட ஈழப்போரின் வாயிலாகக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் சேருவிலையிலும் தோப்பூரிலும் இருந்த விவசாயிக்கு அது சிறுபோகத் தண்ணீர். ஜூலை என்பது பயிர் குடலையும் கதிருமாக நிற்கும் காலம். அப்போது பத்து நாள் தண்ணீர் நின்றால் என்ன நடக்கும் என்பது வட்டவிதானைக்குத் தெரியும். வரம்பில் நின்று பார்த்த பெண்ணுக்கும் தெரியும். கதவை மூடியோர் முன்வைத்த கோரிக்கைகளில் தமது பகுதி மக்களுக்கான குடிநீர்த் திட்டமும் ஒன்று. அவ்வூர்களில் குடத்துடன் அலைந்த பெண்களுக்கும் தண்ணீர்தான் பிரச்சினை. ஒரு மடையின் இரு பக்கத்திலும் இருந்த இந்தத் தாகத்தை ஒரே கதையில் வைத்து எழுதிய நம்மவர் எவரையும் நான் வாசித்ததில்லை. மாவிலாறு நமது கவிதைகளில் வருகிறது. அங்கே அது தண்ணீர் ஓடும் ஆறாக வருவதில்லை. இரத்தம் ஓடும் ஆறாகவே வருகிறது.

சாதாரண நாள் என்று நான் சொல்வது எதனை? யுத்தகாலத்தில் ஒரு கிராமத்துக்கு மூன்று வழிகளில் சோறு வந்தது. வயல், கடல், காடு. இம்மூன்றுக்கும் குறுக்கே கோடுகள் விழுந்திருந்தன. முஸ்லிம்களின் காணிகள் பல புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் கிடந்தன. அங்கே விதைக்கப் போகலாமா, விதைத்தால் வெட்டலாமா, வெட்டினால் எத்தனை மூடை வரியாகப் போகும் என்பதே ஒவ்வொரு போகத்திலும் கணக்கு. கடலில் இரவுத் தொழிலுக்குத் தடை வந்தால் வலைக்காரன் பகலில் எதைப் பிடிப்பான்? விறகுக்குக் காட்டுக்குப் போனவன் அஸருக்குள் வராவிட்டால் வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள்? கடைக்காரர் எத்தனை மாதம் வரை கடன் கொப்பியில் எழுதுவார்? திருகோணமலைக்கு லோஞ்ச் ஓடாத நாளில் பிரசவ வலி வந்த பெண்ணை எப்படிக் கொண்டுபோனார்கள்? இவைதாம் எங்கள் பகுதியின் யுத்தம். செல் விழுந்த நாட்கள் எண்ணக்கூடியவை. செல் விழாத நாட்களே அதிகம். அந்த நாட்களிலும் யுத்தம் சட்டிக்குள்ளும் கொப்பிக்குள்ளும் இருந்துகொண்டே இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு தாய் இருக்கிறார். அந்த ஆகஸ்ட் மாதத்தைப் பற்றிக் கேட்டால் செல்லைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பாடசாலையில் தஞ்சமிருந்த பிள்ளைகளுக்குச் சோறாக்கவென ஒளித்து வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டியிருக்கிறார். உலை கொதித்து அரிசி போட்ட நேரத்தில் சனம் கிளம்பிவிட்டது. ஒரு மாதத்தின் பின் திரும்பி வந்தபோது பானை அடுப்பிலேயே இருந்ததாம். உள்ளே கறுத்துக் காய்ந்த சோறு. அந்தப் பானையைச் சாம்பலும் மணலும் போட்டு இரண்டு நாள் தேய்த்து, அதிலேயே அந்த வருட நோன்புக் கஞ்சியைக் காய்ச்சியிருக்கிறார். மாடுகளைப் பற்றிக் கேட்டேன். "கயித்த அறுத்துட்டுத்தான் வந்தன் மகன். கட்டுல நிண்டா தண்ணியில்லாமச் செத்துப்போயிருமே" என்றார். நான்கு மாடுகளில் ஒன்று மட்டும் வாசலுக்குத் திரும்பி வந்தது.

உயிருக்கு ஓடும் அவசரத்திலும் மாட்டுக் கயிற்றை அறுக்க நின்ற அந்தச் சில நிமிடங்களை நான் நமது கவிதைகளில் தேடினேன். கிடைக்கவில்லை. 'அனைத்தையும் இழந்தோம்' என்ற வரி பலவிடங்களில் கிடைத்தது. அனைத்தும் என்று எழுதும்போது எதுவும் எழுதப்படுவதில்லை. நான்கு மாடுகளில் மூன்று என்று எழுதினால்தான் இழப்புக்கு ஓர் அளவு வருகிறது. ஒரு வீட்டின் பால், தயிர்ச்சட்டி, அவசரத்துக்கு விற்கும் கன்று, மகளின் கலியாணம் என்று அந்த மூன்று மாடுகளுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் பத்து வருடம் நிற்கிறது.

நமது எழுத்து இவ்வாறு அமைந்ததற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை நியாயமாகப் பார்க்க வேண்டும். 1985இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பு ஈழத்து அரசியற் கவிதைக்கு ஒரு குரலைத் தந்தது. அதற்கு முன்பே எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981இல் வந்து நமது இளைஞர்களை ஆட்கொண்டிருந்தது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகள், அதே வருடம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டமை ஆகியவற்றின் பின் முஸ்லிம் கவிஞன் தனக்கென ஒரு கதறலைத் தேடினான். ஏ.பி.எம். இத்ரீஸ் தொகுத்த 'மீஸான் கட்டைகளின் மீள எழும் பாடல்கள்' அந்தக் கதறலின் ஆவணம். தமிழ்ப் பத்திரிகைகள் நமது மையித்துகளைப் பற்றிப் பேசத் தயங்கிய காலத்தில் முதலில் கத்த வேண்டியிருந்தது. கவிதை அதற்கு உகந்த வடிவம். ஒரு பக்கத்தில் அடங்கும், கையெழுத்துப் பிரதியாகவும் போகும்.

அச்சமும் ஒரு காரணம். உரைநடை பெயர் கேட்கும், ஊர் கேட்கும், யார் வரி வாங்கினார் என்று கேட்கும். அதனை எழுதிவிட்டு மறுநாள் அதே சோதனைச் சாவடியால் பாடசாலைக்குப் போக வேண்டும். ஆகவே ஆயுததாரி கழுகானான், ஓநாயானான், பெயரில்லாத இருளானான். குறியீடு நம்மைக் காப்பாற்றியது என்பதில் ஐயமில்லை. ஆனால் காப்பாற்ற வந்த குறியீடு பின்னர் பழக்கமாகிவிட்டது. இந்த இடத்தில் சோலைக்கிளியை நினைவுகூர வேண்டும். 'எட்டாவது நரகம்' (1988) தொடக்கம் அவர் எழுதிய கவிதைகளின் படிமங்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. கல்முனை மண்ணின் மரமும் பறவையும் பூச்சியும் வீட்டு முற்றமும் அங்கே வந்து பயங்கரத்தைத் தம் மீது ஏற்றுக்கொண்டன. அவரைப் பின்பற்றியோர் பலர் பயங்கரத்தை எடுத்துக்கொண்டு முற்றத்தை விட்டுவிட்டார்கள்.

பலஸ்தீனக் கவிதையிலிருந்தும் நாம் பாதியையே எடுத்தோம். மஹ்மூத் தர்வீஷ் 1982 ஆகஸ்டில் பெய்ரூட் முற்றுகையின் ஒரு நாளைப் பற்றி ஓர் உரைநடை நூல் எழுதியிருக்கிறார். அதன் ஆரம்பப் பக்கங்களில் அவர் கவலைப்படுவது கோப்பி பற்றி. கடலைப் பார்த்த கண்ணாடியுள்ள சமையலறைக்குச் செல்லுக்கு நடுவே எப்படிப் போவது, தண்ணீரை எப்படிக் கொதிக்க வைப்பது, கோப்பித் தூளை எப்போது இடுவது என்பதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். முற்றுகையின் கொடூரம் அந்தக் கோப்பிக்குள்ளால் நமக்கு விளங்குகிறது. கல்லெறியும் கையை அவரிடமிருந்து கற்றுக்கொண்ட நாம் கோப்பி ஊற்றும் கையைக் கற்றுக்கொள்ளவில்லை.

இன்னொரு உதாரணம் வேடிக்கையானது. 1660இல் கொட்டியாரக் குடாவில் வந்திறங்கிப் பிடிபட்ட ஆங்கிலேயன் றொபேட் நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் 19 வருடங்களுக்கு மேல் கைதியாக இருந்தான். தப்பிச் சென்று 1681இல் நூலை வெளியிட்டபோது தனது துயரத்தை மட்டும் அவன் எழுதவில்லை. எத்தனை மாத நெல் எத்தனை வகை, எப்படி உழுதார்கள், எப்படிச் சூடு மிதித்தார்கள், என்ன சமைத்தார்கள் என்று எழுதிவைத்தான். அக்காலக் கிராமத்தை அறிய இன்றும் அவனிடமே போகிறோம். நமது குடாவில் பிடிபட்ட ஓர் அந்நியக் கைதி செய்ததைக்கூட இந்த மண்ணில் பிறந்த நாம் நமது யுத்தத்துக்குச் செய்யவில்லை.

மூதூருக்கு இதில் முன்னோடி இல்லாமலும் இல்லை. வ.அ. இராசரத்தினம் நமது ஊரவர், ஆசிரியர். அவருடைய 'தோணி' சிறுகதையில் சொந்தத் தோணி ஒன்றுக்காக ஏங்கும் மீனவ இளைஞன் வருகிறான். தோணி உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையிலான தூரத்தை அக்கதை எவ்வளவு அமைதியாகச் சொல்லிவிடுகிறது! 2001இல் காலமான அவர் 2006ஐக் காணவில்லை. கண்டிருந்தால் இடப்பெயர்வைத் தோணியிலிருந்து தொடங்கியிருப்பார் என்றே எண்ணுகிறேன். கரையில் விட்டுவந்த தோணி யாருடையது, அதில் யாருக்கு எத்தனை பங்கு என்றுதான் அவர் பேனா கேட்டிருக்கும்.

இனி அயலவன் விடயத்துக்கு வருவோம். சாதாரண நாளை எழுதும் எவனாலும் அயலவனை விலக்க முடியாது. வேளாண்மை வெட்டுக்கு வந்தவர் மல்லிகைத்தீவிலிருந்தோ பட்டித்திடலிலிருந்தோ வந்திருப்பார். கட்டைபறிச்சான் பெண் கொண்டுவந்த மரக்கறி நமது உம்மாவின் கறிச்சட்டியில் கிடந்திருக்கும். சம்பூர்த் தயிர்க்காரருக்கு நமது கடையில் கொப்பி இருந்திருக்கும். ஓடும் நாளை மட்டும் எழுதினால் ஒவ்வொரு சமூகமும் தனித்தனியாகவே ஓடும். 2006இல் அப்படித்தான் ஓடினோம். நாம் மேற்கே கந்தளாய்க்கு ஓடினோம். சம்பூர், சேனையூர், ஈச்சிலம்பற்று மக்கள் தெற்கே வெருகலைக் கடந்து வாகரைக்கு ஓடினார்கள். செப்டெம்பர் 4ஆந் திகதி சம்பூர் இராணுவத்திடம் வீழ்ந்தது. நவம்பர் 8ஆந் திகதி கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமிருந்தவர்கள் மீது செல் விழுந்தது. பாடசாலையில் தஞ்சமிருப்போர் மீது செல் விழுவது என்னவென்று மூதூர் முஸ்லிமுக்கு மூன்று மாதம் முன்பே தெரியும். ஆயினும் கதிரவெளி பற்றி நம்மவர் எழுதிய ஒரு கவிதையையும் நான் கண்டதில்லை.

நாம் ஒரு மாதத்தில் வீடு திரும்பினோம். சம்பூர் 2007 மே மாதம் உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அம்மக்கள் கிளிவெட்டி முதலிய இடங்களில் தகரக் கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். 2015இல் 818 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டது. கடற்படையிடமிருந்த 237 ஏக்கர் 2016இல்தான் கிடைத்தது. அந்த ஆண்டுகளில் தோப்பூருக்கும் மூதூருக்கும் போய்வரும்போது கிளிவெட்டி முகாமை நாம் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டுதான் போனோம். பார்த்ததை எழுதவில்லை.

ஆகஸ்ட் 4ஆந் திகதி மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் ஊழியர்கள் 17 பேர் தமது அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்கு உதவ வந்தவர்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நமது சுஹதாக்களை எண்ணும்போது ஒருவரை எடுத்துக்கொண்டு பதினாறு பேரை அவர்களுடைய கணக்கில் விட்டுவிட்டால் அது என்ன எண்ணிக்கை? அந்தப் பதினேழு பேரும் ஒன்றாக வேலை செய்தவர்கள், ஒன்றாகப் பயந்திருந்தவர்கள், ஒரே வளவில் விழுந்து கிடந்தவர்கள். அவர்களைப் பிரிக்காமல் எழுதும் மொழி நம்மிடம் இல்லாமற் போனது சிறிய குறையன்று.

இதனை வாசிக்கும் சிலருக்குக் கோபம் வரலாம். காத்தான்குடியையும் வழியில் பிரித்தெடுக்கப்பட்ட நமது இளைஞர்களையும் மறந்துவிட்டு அயலவனுக்காக அழச் சொல்கிறாயா என்று கேட்கலாம். அயலவனை எழுது என்பதற்கு ஆயுததாரியை மன்னித்து எழுது என்று பொருளில்லை. உண்மையில் ஆயுததாரியின் அநியாயத்தை முழுமையாகச் சொல்லவும் அயலவன் வேண்டும். ஒன்றாக வேளாண்மை வெட்டிய இருவரை ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க அஞ்சுமாறு ஆக்கியதே அந்த அநியாயத்தின் பெரும்பகுதி. முன்பு அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று காட்டாவிட்டால் எது கெட்டது என்பதை வாசகன் எப்படி அறிவான்?

இதைச் செய்ய முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. விமல் குழந்தைவேலின் 'கசகறணம்' (2011) அக்கரைப்பற்றுச் சந்தையை மையமாகக் கொண்ட நாவல். தமிழரும் முஸ்லிம்களும் வாங்கியும் விற்றும் ஏசியும் சிரித்தும் வாழ்ந்த சந்தை எப்படி நஞ்சாகியது என்பதை அவர் விலைபேசும் குரல்களுக்குள்ளால் சொல்கிறார். அந்நாவலை ஒரு தமிழர் எழுதினார், நாம் எழுதவில்லை என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. ஸர்மிளா ஸெய்யித்தின் 'உம்மத்' நாவலில் முன்னாள் போராளியான தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் ஒரே கதைக்குள் வருகிறார்கள். அந்நாவலாசிரியரின் எல்லாக் கருத்துகளோடும் நான் உடன்படுகிறேன் என்பதற்கில்லை. ஆனால் கிழக்கின் யுத்தத்தை ஒரு சமூகத்தின் யுத்தமாக மட்டும் அவர் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் உரைநடை என்பதும் தற்செயலன்று.

பிறரைக் குறை சொல்லும் முன் என் தொழிலின் குறையையும் சொல்லிவிடுகிறேன். கலாசாலையில் எங்களுக்குக் கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கற்பித்தார்கள். அதையே நாங்களும் கற்பித்தோம். ஊர் திரும்பிய அடுத்த வருடம் ஒன்பதாந் தர மாணவருக்கு 'யுத்தத்தின் கொடுமை' என்று தலைப்புக் கொடுத்தேன். எல்லாப் பிள்ளைகளும் 'யுத்த அரக்கன்' என்று தொடங்கியிருந்தார்கள். ஒரு மாணவன் மட்டும், விட்டுவந்த ஆட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். அதற்கு என்ன பெயர், எந்த இலையை விரும்பித் தின்னும், கந்தளாய் முகாமில் இரவில் அதன் சத்தம் கேட்பதுபோல் இருந்தது என்றெல்லாம் எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் 'விடயத்துக்கு வரவும்' என்று குறித்து, புள்ளியையும் குறைத்துப் போட்டேன். அவன்தான் விடயத்துக்கு வந்திருந்தான் என்பது எனக்குப் புரியப் பல வருடங்கள் எடுத்தன. நமது கவியரங்குகளும் தலைமைக் கவிஞர்களும் அதே சிவப்பு மையை இளைஞர் மீது நீண்ட காலம் பாவித்து வந்துள்ளார்கள் என்று சொன்னால் யாரும் கோபிக்கக் கூடாது.

யுத்தம் முடிந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. 2006இல் கந்தளாயில் பிறந்த பிள்ளைகள் இன்று வாக்காளர்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பின் வளர்ந்தவர்களுக்குப் 'பாதை' என்றால் தெரு மட்டுமே. வாகனங்களையும் மனிதரையும் ஆற்றைக் கடத்திய பாதைக்காக மணிக்கணக்கில் வெயிலில் நின்றதும், அந்த வரிசையில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூவரும் ஒரே தேநீர்க் கடையில் குந்தியிருந்ததும் அவர்களுக்குத் தெரியாது. நினைவு தினப் பதாகைகளிலிருந்து மட்டும் யுத்தத்தைக் கற்கும் பிள்ளை தன் சமூகத்தின் மையித்துகளை மட்டுமே எண்ணக் கற்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பின்னர் நாட்டில் நம்மீது விழுந்த பார்வையை அனுபவித்த தலைமுறை இது. ஒரு சமூகம் எப்படி ஒரே நாளில் அயலவனுக்கு அந்நியமாகும் என்பதை அது கண்டுவிட்டது. அதற்கு எதிரான மருந்து பழைய கடன் கொப்பிகளில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

எனவே எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆகஸ்டுக்குக் கவிதை எழுதுவதற்கு முன் வீட்டிலுள்ள வயோதிபரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். அன்று அடுப்பில் என்ன இருந்தது? வயலில் பயிர் என்ன பருவம்? யாருக்குக் கடன் கொடுக்க இருந்தது, யாரிடம் வாங்க இருந்தது? பக்கத்து ஊரில் யாரைத் தெரியும், அவர் எங்கே போனார்? விடைகளை அவர் சொன்ன மொழியிலேயே, திகதியுடன் எழுதி வையுங்கள். அது கதையாகலாம், நாவலாகலாம், வெறும் குறிப்பாகவும் இருக்கலாம். அவ்வாறு வருவனவற்றைப் பிரசுரிக்க இச்சஞ்சிகை ஒவ்வோர் இதழிலும் இரண்டு பக்கம் ஒதுக்க வேண்டுமென ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் மேலே சொன்ன அந்தத் தாயிடம் கடைசிக் கேள்வியையும் கேட்டேன். சம்பூரிலிருந்து அவருக்குத் தயிர் கொண்டுவந்த ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். சட்டி இரண்டைத் திருப்பிக் கொடுக்க இருந்ததாம். அவை இன்னும் வீட்டில் இருக்கின்றன. அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.